எவ்வளவு உயரம் போதும்?

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகின்றது.)



மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லாத ஆள் நான். உயர்தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. இப்போது டண்டினோங் தெற்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. இலக்கியம் பேசவோ அரசியல் பேசவோ எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சங்கத் தலைவர் அண்ணை போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்கட பெடியள் போர் வீல் வாகனம் வாங்கி, ஏணி வைச்சு ஏறுற அளவுக்கு உயர்த்திக்கொண்டு திரியிறாங்கள். நீ ஒருக்கால் சூடு கண்ட பூனை. நீ சொன்னால் கேப்பாங்கள்" என்றார். அதனால்தான் வந்து நிற்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. பட்டுத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

எங்கட ஊரில் இருந்தே தொடங்குகிறேன். வன்னியில் வயல் செய்த குடும்பங்களுக்கு ரக்ரரைத் தெரியும். றோட்டில் பெட்டி இழுக்கும்போது ரப்பர்ச் சில்லு. சேற்று வயலுக்குள் இறங்கும்போது கூடு மாதிரியான இரும்புச் சில்லு. அதே ரக்ரர், அதே இயந்திரம். நிலம் மாறினது, அதனால் சில்லு மாறினது. ரக்ரரை அழகுக்காக உயர்த்தின ஒருத்தரையும் நான் அங்கே காணவில்லை. இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்திருந்தால் இன்றைக்கு நான் சொல்லப் போவது முழுவதும் விளங்கிவிடும். நிலம் முதல், சில்லு இரண்டாவது, உயரம் கடைசி. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

சில பெரியவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், "அகதியாய் வந்தவனுக்கு எதுக்கடா இந்தச் சொகுசு?" என்று. கேள்வி நியாயமானது. நான் வாங்கியது பழைய வாகனம். 2006ஆம் ஆண்டு ரொயோற்றா பிறாடோ, மூன்று பேர் கைமாறி வந்தது. இரவு வேலைக்குப் போக வாகனம் வேண்டும். சனி ஞாயிறுகளில் மில்டூரா, ஷெப்பற்றன் பக்கம் தோட்டங்களில் வேலை செய்கிற சொந்தக்காரரைப் பார்க்கப் போகவேண்டும், சாமான் ஏற்றிக் கொடுக்கவேண்டும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஊரில் ஒரு காட்டுப் பாதையால் போவதென்றால் ஒன்றில் பாஸ் வேண்டும், இல்லாவிட்டால் சென்றி இருக்கும், இரண்டும் இல்லாவிட்டால் மிதிவெடி இருக்கும். இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூலாங்கிக் காட்டுக்குள் போய், உயர்ந்த மரங்களுக்குக் கீழே பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வரலாம். "எங்க போறாய், ஏன் போறாய்" என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சுகத்தை என் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அதில் பிழை இல்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிழை அதற்குப் பிறகு நடந்தது.

வாகனம் வாங்கின புதிதில் அது தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே இருந்தது. ஒரு குறையும் இல்லை. வேலைத்தல வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு மூன்று பேர் பகிடி பண்ணினார்கள். "என்ன மச்சான், பள்ளிக்கூட வான் மாதிரிக் கிடக்கு!" அந்த ஒரு சொல் போதும், எனக்குள் இருந்த பேய் எழும்பிவிட்டது. ஒருத்தர் பாவித்த பெரிய சேற்று ரயர் ஐந்தை மலிவாக விற்றார். வாங்கிப் பூட்டினேன். ஸ்ரியறிங்கைத் திருப்பினால் ரயர் மட்காட்டில் உரசியது. ரயர் உரசுகிறது என்று ஸ்பிறிங்கை மாற்றி 50 மில்லிமீற்றர் உயர்த்தினேன். அப்போதும் முழுதாகத் திருப்பினால் உரசியது. ஏனென்றால் முன்சில்லு திரும்பும்போது உரசுவது பெரும்பாலும் மட்காட்டின் பின்பக்கத்திலும் உள்பக்கத்திலும். வாகனத்தை மேலே தூக்குவதால் அந்த இடம் பெரிதாகாது. இது எனக்குத் தெரியாது. இன்னும் உயர்த்து என்று முன் சொக்கின் தலையில் 15 மில்லிமீற்றர்த் தட்டு ஒன்றும் வைத்தார்கள். "சின்னத் தட்டுத்தானே" என்று நான் நினைத்தேன். முன்பக்கச் சொக் கீழ்க்கையின் நடுவில் பூட்டப்பட்டிருப்பதால், மேலே வைக்கிற தட்டு சில்லடியில் ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்த்தும். ஆக 50, அதோடு 30, பெரிய ரயரால் இன்னொரு 27. மொத்தம் 107 மில்லிமீற்றர். நாலு அங்குலத்துக்கு மேலே. நான் இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்!

தரிப்பிடத்தில் எல்லாரும் தோளில் தட்டினார்கள். மொனாஷ் பிறீவேயில் 100இல் போகும்போது வாகனம் குடித்தவன் மாதிரி இரண்டு பக்கமும் அலைந்தது. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ரூலாங்கிப் பக்கம் போனேன். கூரைக்கு மேலே கூடாரமும் சாமானும் கட்டியிருந்தேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஒரு பாதை இடப்பக்கம் சரிந்து கீழே இறங்கியது. பெரிய சரிவு இல்லை, சாதாரண பிறாடோ ஒன்று எனக்கு முன்னாலே இறங்கிப் போனது. நான் இறங்கினபோது என் வாகனம் சாய்ந்த சாய்வில் பிள்ளைகள் குழறத் தொடங்கிவிட்டார்கள். வலப்பக்கப் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்புகிறது என்று உடம்புக்கே தெரிந்தது. பிறேக்கைப் பிடித்தபடி இருந்தேன். மனைவி ஒரு சத்தமும் போடவில்லை. "நிப்பாட்டுங்கோ. நாங்கள் இறங்கி நடந்து வாறம்" என்றாள்.

இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் அவள் கீழே நடந்தாள். 2009இல் அவள் நடந்த நடை எனக்குத் தெரியும். அப்போது தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவள். இனி அப்படி நடக்கத் தேவையில்லை என்றுதான் கடல் கடந்து வந்தோம். இங்கே, ஒருத்தரும் துரத்தாத காட்டில், என்ர வாகனத்துக்குப் பயந்து அவளை நடக்க வைத்துவிட்டேன். வாகனத்தை அரை அரை அடியாகப் பின்னுக்கு எடுத்து மேலே கொண்டுவந்தேன். வீடு வரும்வரை ஒருத்தரும் கதைக்கவில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? "கழற்றினால் போட்ட காசு வீண்" என்று விட்டுவிட்டேன். மூன்று கிழமை கழித்து, இரவு வேலைக்குப் போகிற வழியில் பின்னாலே நீல விளக்கு மின்னியது. எங்களில் பலருக்கு அந்த நேரத்தில் கை எப்படி நடுங்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். அளவு நாடாவை எடுத்து அளந்தார். குறைபாட்டு அறிவித்தல் எழுதித் தந்தார். அதைச் சரிசெய்து பரிசோதனைக்குக் காட்டும்வரை வாகனத்தை ஓட்டக்கூடாது. தொழிற்சாலைக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஒன்பது இரவு வேலை போனது.

அதைவிடப் பெரிது பயம். அப்போது நான் பிறிட்ஜிங் விசாவில் இருந்தேன். படகில் வந்த எங்களுக்கு 2013 டிசம்பரில் இருந்து நடத்தைக் கோவை ஒன்றில் கையெழுத்து வைத்தால்தான் அந்த விசா. ஒரு ரயருக்காக விசா போகாது என்று பிறகு விசயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த ஒன்பது இரவும் நான் படுத்திருந்தேனே தவிர நித்திரை கொள்ளவில்லை. இந்த மண்டபத்தில் இன்னும் காத்திருக்கிற ஆட்களும் இருக்கிறீர்கள். மற்றவனுக்கு ஒரு தாள், எங்களுக்கு அது ஒரு மாத நித்திரை. அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

என்னைத் திருத்தினவர் எங்கட ஆள் இல்லை. என்னோடு வேலை செய்கிற ஒரு ஹசாரா நண்பர். ஆப்கானிஸ்தான் மலைப்பாதைகளில் பழைய ரொயோற்றாக்களில் ஆட்களையும் மாவு மூட்டைகளையும் ஏற்றி ஓடினவர். என் வாகனத்தைச் சுற்றி ஒருதரம் வந்தார். சிரித்தார். "எங்கட மலையில் ஆரும் வாகனத்தை உயர்த்துறதில்லை. சாமானைக் கீழே வைப்பம், காத்தைக் குறைப்பம், மெதுவாய்ப் போவம்" என்றார். பிறகு ஆறு கேள்வி கேட்டார். அந்த ஆறையும்தான் உங்களுக்குத் தரப்போகிறேன்.

முதலாவது கேள்வி: எந்த நிலத்தில் ஓடப்போகிறாய்?

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கோ, தம்பிமாரே. நூறு நாள் ஓடினால் எத்தனை நாள் சேற்றில் ஓடுகிறீர்கள்? நான் கணக்குப் பார்த்தேன், இரண்டு நாள்கூட வராது. மற்றதெல்லாம் தார் றோட்டும் கொஞ்சம் கிறவல் றோட்டும். கடைகளில் மூன்று வகை ரயர் இருக்கிறது. றோட்டு ரயர், எல்லா நிலத்துக்குமான ஓல் ரெறெயின் ரயர், சேற்று ரயர். சேற்று ரயரின் பூக்கள் பெரிது, இடைவெளி பெரிது, சேற்றை அள்ளி எறியும். ஆனால் தார் றோட்டில் இரைச்சல். நிலத்தைத் தொடும் ரப்பர் குறைவாகையால் மழை றோட்டில் பிறேக் பிடித்தால் றோட்டு ரயர் மாதிரி நிற்காது. கெதியாகவும் தேயும். எங்களைப் போல வேலைக்கும் ஓடி, எப்போதாவது காட்டுக்கும் போகிறவனுக்கு ஓல் ரெறெயின் ரயர் போதும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு பாரம் ஏற்றப்போகிறாய்?

இதைத்தான் ஒருத்தரும் கேட்பதில்லை. ஸ்பிறிங் உயரத்துக்கான சாமான் இல்லை, பாரத்துக்கான சாமான். முன்னுக்கு இரும்புப் புல் பாரும் வின்சும் பூட்டியிருக்கிறீர்களா, பின்னுக்கு எப்போதும் சாமான் பெட்டி இருக்கிறதா, பெட்டி வண்டில் இழுக்கிறீர்களா, அதற்கேற்ற ஸ்பிறிங் வேண்டும். பாரமே இல்லாத வாகனத்துக்குப் பார ஸ்பிறிங் போட்டால் மாட்டு வண்டில் மாதிரிக் குலுக்கும், குழியில் சில்லு நிலத்தை விட்டுத் துள்ளும். துள்ளுகிற சில்லுக்குப் பிடியும் இல்லை, பிறேக்கும் இல்லை. பாரம் கூடின வாகனத்துக்கு மெல்லிய ஸ்பிறிங் போட்டால் பின்பக்கம் குந்திவிடும். இன்னொன்று. புது ஸ்பிறிங் போட்டதால் கூடப் பாரம் ஏற்றலாம் என்று நினைக்காதேங்கோ. வாகனத்தின் மொத்தப் பார எல்லை அதன் தகட்டில் அடித்திருக்கும். ஸ்பிறிங் மாறினாலும் அந்த இலக்கம் தானாக மாறாது.

மூன்றாவது கேள்வி: ரயரில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியுமா?

எனக்குத் தெரியாது என்று வெட்கத்தோடு ஒத்துக்கொண்டேன். என் பிறாடோவின் கதவுத் தூணில் 265/65 ஆர் 17 என்று ஒட்டியிருந்தது. 265 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தின் 65 வீதம். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். இனி ஆறாம் வகுப்புக் கணக்கு. 265இன் 65 வீதம் 172. மேலேயும் கீழேயும் இரண்டு சுவர், ஆகவே 344. 17 அங்குலம் என்றால் 432 மில்லிமீற்றர். கூட்டினால் 776 மில்லிமீற்றர். இதுதான் ரயரின் முழு விட்டம்.

நான் வாங்கிப் பூட்டினது 285/70 ஆர் 17. அதே மாதிரிக் கணக்குப் பாருங்கோ, 831 வரும். வித்தியாசம் ஏறத்தாழ 55 மில்லிமீற்றர். அதில் பாதிதான் வாகனத்தை உயர்த்தும், 27. ஏனென்றால் விட்டத்தின் மற்றப் பாதி அக்சிலுக்கு மேலே போய்விடும். இடையில் 265/70 ஆர் 17 என்று ஒரு அளவு இருக்கிறது. அதன் விட்டம் 803. வித்தியாசம் 27, உயர்வு 13 தான். அதை நான் அந்த நேரம் திரும்பியும் பார்க்கவில்லை. 13 மில்லிமீற்றரை ஆர் கண்ணால் பார்த்து மெச்சப்போகிறார்கள்?

பெரிய ரயரால் வேறும் நடக்கும். சில்லு ஒருதரம் சுற்ற வாகனம் கூடத் தூரம் போகும், ஆனால் வேகமானிக்கு அது தெரியாது. முதல் சரியாகக் காட்டின மானி என்றால், 831 ரயரில் அது 100 காட்டும்போது உண்மையில் 107இல் போவீர்கள். 803 ரயரில் 103. கமெரா உங்கட மானியைப் பார்த்துப் படம் எடுப்பதில்லை. பெரிய ரயர் பாரமும் கூட. சுழற்றவும் கஷ்டம், நிற்பாட்டவும் கஷ்டம். கியர் நீண்டது மாதிரி ஆகி, ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும், எண்ணெய் குடிக்கும்.

அளவுக்குப் பின்னாலே இன்னும் ஒரு இலக்கமும் எழுத்தும் இருக்கும். 112 எஸ் என்றால், 112 என்பது ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு, எஸ் என்பது 180 கிலோமீற்றர் வேகம் வரை. கதவுத் தூணில் உள்ள பார இலக்கத்துக்குக் குறைந்த ரயரை ஒருநாளும் பூட்டாதேங்கோ. மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கோ. ஸ்பெயார் ரயர் வேறு அளவாக இருந்தால், காட்டுக்குள் ரயர் வெடிக்கிற அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நாலாவது கேள்வி: எதற்காக உயர்த்துகிறாய்?

இங்கேதான் என் முகம் சுருங்கினது. சரியான பதில் என்னவென்றால்: வாகனத்தின் மூக்கும் வாலும் வயிறும் நிலத்தில் இடிக்காமல் இருக்க. ஏற்றத்தில் ஏறத் தொடங்கும்போது மூக்கு இடிக்கும், இறங்கி முடியும்போது வால் இடிக்கும், மேட்டைக் கடக்கும்போது வயிறு இடிக்கும். கொஞ்சம் உயர்த்தினால் இந்த மூன்றுக்கும் உதவி. சில்லு மேலும் கீழும் போக இடமும் கிடைக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. பிறாடோ போன்ற வாகனங்களில் பின்னுக்கு முழு அக்சில். அதன் நடுவில் தொங்குகிற டிபரென்சல்தான் கல்லில் முதல் இடிக்கிற இடம். ஸ்பிறிங்கால் எவ்வளவு உயர்த்தினாலும் அந்த அக்சில் ஒரு மில்லிமீற்றரும் உயராது. உடல்தான் மேலே போகும். அக்சிலை உயர்த்துவது ரயர் ஒன்றுதான். ஆகையால்தான் ரயரை முதல் முடிவு செய், அந்த ரயருக்கும் பாரத்துக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் உயர்த்து என்று சொல்கிறேன்.

கூட உயர்த்தினால் என்ன? ஒரு மேசையின் நாலு காலையும் நீட்டுங்கோ, கால்களுக்கு இடையிலுள்ள அகலத்தை அப்படியே விடுங்கோ. தட்டினால் விழும். அதற்கு மேலே ஒரு மூட்டையையும் வையுங்கோ. அதுதான் ரூலாங்கிச் சரிவில் என் வாகனம். பாரச் சாமானைக் கூரையில் கட்டாமல் உள்ளே, கீழே, அச்சுகளுக்கு நடுவில் வையுங்கோ.

கீழேயும் பாதிப்பு இருக்கிறது. தனித்தனியாக ஆடுகிற முன்சில்லு உள்ள வாகனத்தில், உயர உயர முன் அச்சுத் தண்டின் மூட்டுகள் கோணலாக வேலை செய்யும். அதை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழியும், கிறீஸ் வெளியே போகும், மண் உள்ளே போகும். மேற்கையின் கோணமும் மாறி, சில்லை நேர்ப்படுத்த முடியாமல் போகும். என் முன் ரயர்களின் உள்விளிம்பு நாலு மாதத்தில் கம்பி தெரியத் தேய்ந்தது. பிறீவேயில் அலைந்ததற்கும் அதுதான் காரணம். பழைய நிசான் பற்றோல் போல முன்னுக்கும் முழு அக்சில் உள்ள வாகனம் என்றால் வேறு பிரச்சினை. உயர்த்தும்போது அக்சில் கொஞ்சம் திரும்பி, ஸ்ரியறிங் தானாக நேருக்கு வருகிற குணம் குறையும். அதற்கு வேறு புஸ் போட்டுச் சரிசெய்யவேண்டும். அக்சிலைக் குறுக்கே பிடிக்கிற தண்டு அதை ஒரு பக்கம் இழுத்துவிடும், அதையும் பார்க்கவேண்டும். எந்த வாகனமானாலும் பிறேக் குழாய் நீட்டுப் போதுமா என்று சில்லை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கோ. என்ரது இழுபட்டு நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

ஐந்தாவது கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே விக்ரோறியாவில் போர் வீல் வாகனத்துக்கு, உற்பத்தியாளர் சொன்ன மிகப் பெரிய ரயரைவிட விட்டம் 50 மில்லிமீற்றர் வரை கூடலாம். ஸ்பிறிங்கால் 50 மில்லிமீற்றர் வரை. இரண்டும் சேர்ந்து மொத்தம் 75. அதற்கு மேலே போவதென்றால் வாஸ் என்று சொல்லப்படும் திட்டத்தில் கையெழுத்து வைக்கத் தகுதி பெற்ற பொறியியலாளர் பரிசோதித்துச் சான்றிதழ் தரவேண்டும். என் ரயர் 55, உயரம் 107. இரண்டிலும் பிழை. ரயரில் பிழை வெறும் 5 மில்லிமீற்றர்தான், ஒரு பென்சிலின் தடிப்புக்கூட இல்லை. சட்டத்துக்கு அது போதும். ரயர் மட்காட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கவும் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வித்தியாசம், இடைக்கிடை மாறவும் செய்யும். வழுக்கினால் தானாகப் பிறேக் பிடிக்கிற கருவி உள்ள புது வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூட. ஆகையால் காசு கொடுக்க முதல் கேளுங்கோ. கடைக்காரர் "பிரச்சினை இல்லை" என்று சொன்னால், "அதை எழுதித் தாங்கோ" என்று கேளுங்கோ. என்னிடம் அப்படிச் சொன்னவர் எழுதித் தரவில்லை.

காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கோ. அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். நீங்கள் ஒரு புது மேர்சடிஸில் முட்டினால் அந்தக் கடன் உங்கட பிள்ளை பல்கலைக்கழகம் போகும்வரை இருக்கும்.

ஆறாவது கேள்வி: காற்றைக் குறைத்துப் பார்த்தாயா?

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஒரு கேள்வி என் ஆயிரக்கணக்கான டொலரை மிச்சப்படுத்தியிருக்கும். றோட்டுக் காற்றோடு மணலில் இறங்கினால் ரயர் கத்தி மாதிரி வெட்டிப் புதையும். 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் ரயர் நீளவாக்கில் பரந்து, மணலுக்கு மேலே நடக்கும். நாங்கள் பிறகு தெற்கு அவுஸ்திரேலியாவில் றோப் கடற்கரைக்குப் போனோம். அங்கே எனக்கு முன்னால் ஒரு பெரிய உயர்த்தின வாகனம் அச்சு வரை புதைந்து கிடந்தது. அதன் ரயர் கல்லு மாதிரி. நாங்கள் காற்றைக் குறைத்துவிட்டு அதற்குப் பக்கத்தால் போய், நின்று, காற்றைக் குறைக்கச் சொல்லி, மண்வெட்டியால் கிண்டி, வெளியே எடுத்துவிட்டு வந்தோம். ஒன்று மறக்காதேங்கோ. காற்றுக் குறைந்த ரயரோடு வேகமாகவும் ஓடக்கூடாது, வெட்டித் திருப்பவும் கூடாது, ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். றோட்டுக்கு ஏறினவுடன் திரும்ப அடிக்கவேண்டும். ஆகவே முதலில் வாங்கவேண்டியது ஒரு நல்ல காற்றுப் பம்பும் ஒரு காற்றளவு மானியும். லிப்ற் அதற்குப் பிறகு.

இனி நான் கடைசியில் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். பெரிய ரயரை விற்றேன், வாங்கினதில் பாதி விலைக்கு. தட்டைக் கழற்றினேன். 265/70 ஆர் 17 ஓல் ரெறெயின் ஐந்து. என் பாரத்துக்கேற்ற ஸ்பிறிங்கும் அதற்குப் பொருத்தமான சொக்கும், 40 மில்லிமீற்றர் உயர்வு. 40உம் 13உம் 53, எல்லைக்கு நல்லாக உள்ளே. வேலை தொடங்க முதல் நாலு சில்லின் நடுவிலிருந்தும் மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதினேன். முடிந்த பிறகும் அளந்தேன். ஆயிரம் கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்ப அளந்தேன், புது ஸ்பிறிங் கொஞ்சம் இருக்கும் என்பதால். சில்லை நேர்ப்படுத்தி, அந்தத் தாளையும் வாங்கி வைத்தேன். மொத்தத்தில், முதலே சரியாகச் செய்திருந்தால் முடிந்திருக்கும் காசைவிட இரண்டு மடங்குக்கு மேலே செலவு. அந்த மேலதிகக் காசில் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்திருக்கலாம். அதைப் பிறகு கடன்பட்டுச் செய்தேன்.

போன ஆண்டு மழை விட்ட ஒரு நாள், திரும்ப அதே ரூலாங்கிப் பாதைக்குப் போனேன். மனைவி வரமாட்டேன் என்றுதான் முதல் சொன்னாள். அந்தச் சரிவின் தலையில் வாகனத்தை நிற்பாட்டி, இறங்கி, நடந்துபோய்ப் பாதையைப் பார்த்தேன். இதையும் ஹசாரா நண்பர்தான் பழக்கினார், தெரியாத பாதையைக் காலால் பார்த்த பிறகுதான் சில்லால் போகவேண்டும் என்று. வந்து, "இறங்கி நடக்கப் போறீரோ?" என்று மனைவியைக் கேட்டேன். அவள் வெளியே பார்த்தாள், பிறகு பெல்ற்றை இழுத்துச் சரிபார்த்தாள். "மெதுவாய்ப் போங்கோ" என்றாள். கீழ்க் கியரில், பிறேக்கில் கால் வைக்காமல், ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கினோம். சின்னவன் பின்னாலே இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தம்பிமாரே, உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். வாகனம் வாங்குங்கோ, காடு மலை எல்லாம் போங்கோ. ஜூன் மாத நீண்ட வார இறுதி முடிந்து ஒக்ரோபர் கடைசி வரை மலைப்பாதைகள் பலதைப் பூட்டிவிடுவார்கள், அதைப் பார்த்துப் போங்கோ. தனியாகப் போகாதேங்கோ, இரண்டு வாகனமாகப் போங்கோ. உயர்த்தத் தேவை என்றால் தேவைக்கு உயர்த்துங்கோ. ஆனால் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறவனுடைய கண்ணுக்காக ஒரு அங்குலமும் உயர்த்தாதேங்கோ. அவன் உங்கட வாகனத்துக்குள் இருக்கப் போவதில்லை. இருக்கப் போவது உங்கட பிள்ளைகள்.

ஸ்பிறிங், ரயர் பற்றிக் கேள்வி இருந்தால் கூட்டம் முடிய வாங்கோ. அளவு நாடா வாகனத்திலேயே கிடக்கிறது, வெளியே நிற்கிற உங்கட வாகனங்களை அளந்து பார்ப்போம்.